இலத்தீனுக்கு நடுக்கூடம், தமிழுக்குத் திண்ணை

தங்கா பத்தில் அண்மையில் நடந்த ஒரு திருமண விருந்திற் கேட்ட உரையாடல் ஒன்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

பந்தி முடிந்தது. வெற்றிலைத் தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தனர். அவருள் ஒருவர் மலாக்கா நகரில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாயும் தந்தையும் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. அவர் சொன்னார்: "மேனாட்டில் இப்பொழுது கிறிஸ்தவர்கள் தனியார் பள்ளிகள் பல வைத்து, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பிக்கிறார்களாம். பழைய காவியம், தருக்கம், பேச்சுக்கலை எல்லாம் உண்டாம். அதுவன்றோ கல்வி! அப்படி ஒரு பள்ளி மலாக்காவில் திறந்தால், மாதம் ஆயிரம் வெள்ளி கேட்டாலும் கொடுத்துச் சேர்ப்பேன்."

பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். தோட்டப் பள்ளியில் பல்லாண்டு உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, பாப்பா தமிழ் படிக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை வாத்தியாரையா. ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டோம். பழங்கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது? தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால் யார் பொறுப்பு?"

முதியவர் மறுமொழி சொல்லவில்லை. இன்னொரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். அவர் சொல்லாது விட்டதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

பழங்கதை வேண்டாம் என்ற அதே வாய், பழங்காவியத்துக்கு மாதம் ஆயிரம் வெள்ளி தருவேன் என்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. இஃது ஒருவர் நோயாயின் நாம் எழுத வேண்டுவதில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் படித்தவர் எனப் பெயர் பெற்ற பலரிடம் இந்நோய் இருக்கின்றது. ஆதலின் ஆராய வேண்டியதாயிற்று.

இலத்தீனோடு நமக்குப் பகையில்லை

முதற்கண் ஒன்று சொல்லிவிடுவோம். இலத்தீனை இகழ்வது நம் நோக்கமன்று. உரோமாபுரியின் மொழி அது. எவர் வீட்டிலும் தாய்மொழியாக இல்லாமற்போன பின்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கோயிலிலும் நீதிமன்றத்திலும் கல்விச்சாலையிலும் ஐரோப்பாவை ஆண்ட மொழி. தமிழன் அதற்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டவன்.

இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர், நம் பேச்சுத்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். இயேசு சபைத் துறவியாகிய அவருடைய அந்நூலை, அவரோடு மதவழக்காடிய தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமாரே 1738-ஆம் ஆண்டில் தம் அச்சகத்தில் அச்சிட்டனர். மதத்தால் முரண்பட்டவரையும் தமிழ் ஒரு மேசையில் அமர்த்திற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்முனிவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அவருக்குப் பின் ஜெர்மானியராகிய கிரவுல், குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்தார். கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கிரேக்கத்தையும் இலத்தீனையும் முறையாகக் கற்ற மேனாட்டறிஞர் உலகம், மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் முறையை முன்னரே வகுத்து வைத்திருந்தது. தமிழின் தனித்தன்மையை அவர் நாட்டியது அம்முறையைக் கைக்கொண்டுதான்.

ஆகவே இலத்தீன் கற்றவர் தமிழின் பெருமையை அறிந்தனர். இலத்தீனின் பெயரை மட்டும் கேட்ட தமிழர் தமிழைத் திண்ணையில் உட்காரவைத்தனர். இஃதெப்படி நேர்ந்தது?

அப்பள்ளிகள் சொல்வது யாது?

நண்பர் வியந்த பள்ளிகளின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். டாரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் அம்மையார் 1947-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பாடங்கள் பெருகிவிட்டன, ஆனால் கற்கும் வழியைப் பிள்ளைகள் கற்கவில்லை என்பது அவர் முறையீடு. இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய மூன்று படிகளை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்றார். முதற்படி இலக்கணம், இளம்பிள்ளை மனப்பாடம் செய்யும் பருவம். இரண்டாவது தருக்கம், எதற்கும் எதிர்வாதம் செய்யும் பருவம். மூன்றாவது சொல்வன்மை, தன் கருத்தைத் தானே எடுத்துரைக்கும் பருவம். முதற்படிக்கு இலத்தீன் இலக்கணமே தக்கது என்பது அவர் துணிபு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ என்னும் ஊரில் 1981-ஆம் ஆண்டில் லோகாஸ் பள்ளி என்னும் கிறிஸ்தவத் தனியார் பள்ளி இக்கொள்கைமேல் தொடங்கிற்று. அதன் வழியில் வேறு பல பள்ளிகளும் தோன்றின.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் எந்த மொழியைத் தேர்ந்தார்கள்? தங்கள் சமயத்துக்கும் சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் தாய்வீடு என்று தாங்கள் கருதும் மொழியை. அரசினர் கொடுக்கவில்லையே என்று திண்ணையிலமர்ந்து புலம்பவில்லை. தம் பிள்ளைகளுக்குத் தம் முன்னோர் நூல் வேண்டுமென்று தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பள்ளி வைத்தார்கள். அவர்கள் மதக்கொள்கையை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அது வேறு வழக்கு. ஆனால் அவர்களைப் பார்த்து ஒரு தமிழன் கற்கவேண்டியது இலத்தீனையா, முன்னோர் நூல்மேல் அவர்கள் வைத்த பற்றையா? பக்கத்து வீட்டுக்காரன் தன் தாயைப் பேணுவது கண்டு, நாமும் போய் அவன் தாய்க்கே பணிவிடை செய்தால், நம் வீட்டுக் கிழவியின் கதி என்ன?

மூன்று வாதங்கள்

இலத்தீனுக்காகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாய் எடுப்போம்.

அது மூளையைத் தீட்டும் சாணைக்கல் என்பது முதல் வாதம். எட்வர்டு தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளநூலார் இதனைச் சோதித்தார். பல்லாயிரம் மாணவரை ஆராய்ந்து 1924-ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டார். எந்தப் பாடத்தைப் படித்தாலும் பொதுவான அறிவு வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை. இலத்தீனுக்கென்று தனி மந்திர சக்தி கிடையாது. கூர்த்த அறிவுடையார் அப்பாடத்தை நாடிச் சென்றமையால் அப்பாடமே அறிவைத் தந்ததுபோல் தோன்றிற்று என்பது அதன் சாரம். இருக்கட்டும். கடினமான இலக்கணமும் செறிந்த செய்யுளும் மூளையைத் தீட்டும் என்றே வைத்துக்கொள்வோம். நம்மிடம் சாணைக்கல் இல்லையா? எட்டு வேற்றுமையும் புணர்ச்சி விதியும் யாப்பும் அணியும் நம் வீட்டு முற்றத்தில் கிடக்கின்றன. ஒரு வெண்பாவுக்குத் தளை தட்டாமல் சீர் பிரிக்கக் கற்ற சிறுவன், எந்த நாட்டு இலக்கணத்துக்கு முன்னும் தலை குனிய வேண்டுவதில்லை.

மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இலத்தீன் வேர்ச்சொற்கள் உதவும் என்பது இரண்டாம் வாதம். உண்மை. ஆனால் வேர்ச்சொல் சில நூறு அறிவதற்கு ஒரு மொழியை முழுதும் கற்கவேண்டுமா? மருத்துவம் பயிலப் புகுவோன் வேண்டிய சொற்களை வேண்டியபோது கற்றுக்கொள்கிறான். மலாயா மண்ணில் பிறந்து வைத்தியரான நம்மவர் எத்தனையோ பேர். அவருள் வேர்ஜிலைப் படித்துவிட்டு நாடி பிடித்தவர் எத்தனை பேர்?

மூன்றாம் வாதம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை; நெஞ்சுக்குள் இருப்பது. இலத்தீன் பெரிய இடத்து மொழி. அதைப் படிப்பவன் பெரிய மனிதனாவான் என்பது அது. இதுவே உண்மையான வாதம். மற்றவை இரண்டும் இதற்கு உடுத்த வேட்டி துண்டு.

பூட்டிய மொழி

இந்தப் பெருமை எப்படி வந்தது? பூட்டி வைத்ததால் வந்தது. வேதநூல் இலத்தீனில் இருந்தது, குருமார் படித்தனர், குடியானவன் கேட்டுக் கும்பிட்டான். சட்டம் இலத்தீனில் இருந்தது, வழக்கறிஞர் படித்தனர், வழக்குக்காரன் பணம் கட்டினான். லுத்தர் 1522-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது மேனாடே அதிர்ந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேலை 1536-ஆம் ஆண்டில் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தனர். உழவன் வீட்டுப் பிள்ளையும் தன் மொழியில் வேதத்தைப் படிக்கலாம் என்று கருதிய மனிதனுக்குக் கிடைத்த பரிசு அது.

இறுதியில் உரோமாபுரித் திருச்சபையே மனம் மாறிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டில், வழிபாட்டில் அவ்வந்நாட்டு மொழி வழங்க வாயில் திறந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் தம் பூசையைத் தம் மொழியிற் கேட்கலாயினர். இலத்தீனின் சொந்த வீட்டாரே கதவைத் திறந்து தமிழை உள்ளே அழைத்தனர். நம் கோயில்கள் பலவற்றிலோ, அருச்சனைச் சீட்டை நீட்டும் தமிழன் தனக்காகச் சொல்லப்படும் சொல் இன்னதென அறியாமல் இன்றும் கைகூப்பி நிற்கின்றான். விளங்காத மொழிக்கு அஞ்சி வணங்கும் பழக்கம் அங்கே ஊறியது. அதே பழக்கம் இன்று கல்விச்சாலையில் இலத்தீன் என்ற பெயருக்குக் கும்பிடு போடுகிறது. வேர் ஒன்று, கிளை இரண்டு.

மலாக்கா மண்ணின் சாட்சி

நண்பர் மேனாட்டுக்குப் போகவேண்டுவதில்லை. அவர் நாள்தோறும் காரிற் கடந்து செல்லும் மலாக்காக் குன்றின்மேல் 1521-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் எழுப்பிய கோயில் இன்றும் கூரையின்றி நிற்கின்றது. 1548-ஆம் ஆண்டில் அஃது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அங்கே பள்ளியும் நடத்தினர். அவர்களை அங்கு அமர்த்திய சவேரியார், மலாக்காவுக்கு வருமுன் எங்கே இருந்தார்? முத்துக்குளித்துறையில், நம் பரதவரிடையே. அங்கு அவர் இலத்தீனைக்கொண்டு ஒன்றும் செய்ய இயலவில்லை. போர்ச்சுகீசியம் அறிந்த தமிழர் சிலரைக் கூட்டிவைத்து, வேண்டுதல்களைத் தமிழில் பெயர்க்கச்செய்து, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாய்ச் சொன்னார். அவர் வழிவந்த அண்டிரிக் அடிகளார் தமிழை நன்கு கற்று, 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றினார். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் தமிழ்நூல். இலத்தீன் பயின்ற துறவியே அதைச் செய்தார்.

அடுத்து ஆங்கிலோ சீனக் கல்லூரி. மாரிசன், மில்ன் என்னும் பிரொடஸ்டண்டு மிஷனரிமார் 1818-ஆம் ஆண்டில் மலாக்காவில் அதனை நிறுவினர். கிறிஸ்தவத் தனியார் கல்விச்சாலைதான். ஆனால் அதன் நோக்கம் ஐரோப்பிய நூலைச் சீனருக்கும் சீன நூலை ஐரோப்பியருக்கும் கற்பித்தல். அங்கிருந்த டேவிட் காலி, சீனரின் பழைய நான்கு நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1828-ஆம் ஆண்டில் மலாக்காவிலேயே அது அச்சாயிற்று. அக்கல்லூரியில் பயின்ற யுவான் தெஹுய் என்னும் சீன இளைஞர், முன்னர்ப் பினாங்கில் கத்தோலிக்கப் பள்ளியில் இலத்தீன் கற்றவர். பின்னாளில் பீக்கிங் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார். 1839-ஆம் ஆண்டில் அபினை ஒழிக்க முனைந்த லின் செசூ என்னும் பேரதிகாரிக்குத் துணையாய், மேனாட்டுச் சருவதேச நீதிநூலின் பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்தார். பாருங்கள்! இலத்தீன் படித்தான் சீனன், சீனத்தை மறக்கவில்லை, படித்ததைச் சீனத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். 1843-ஆம் ஆண்டில் அக்கல்லூரி ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. அதன் வழியே சீனர் பெற்றது பெற்றதுதான்.

மலாக்காவில் தமிழின் நிலை அன்று எவ்வாறிருந்தது? மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்த முன்ஷி அப்துல்லா 1796-ஆம் ஆண்டில் இந்நகரிற் பிறந்தவர். தந்தை வழியில் நாகூர்த் தொடர்புடையவர். மலாக்காவின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்றும், கணக்குக்கும் வாணிகத்துக்கும் அம்மொழி வேண்டியிருந்தது என்றும், தம் தந்தை தம்மையும் தமிழ் கற்க அனுப்பினார் என்றும் அவர் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். தமிழ் சோறு போடுமா என்று கேட்போர் செவிகொடுக்க. இதே மலாக்காவில் தமிழ் சோறு போட்டது. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை அதற்காகவே கற்றான்.

இன்னொரு சாட்சியும் இந்நகரில் உண்டு. மலாக்காச் செட்டிகள் நம் உடன்பிறந்தார். 1781-ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. சமயத்தைக் கைவிடாது காத்தனர். பொங்கலும் படையலும் மறக்கவில்லை. ஆனால் வீட்டில் வழங்கும் மொழி மலாயாயிற்று. அவர்களைக் குறை சொல்வது நம் கருத்தன்று. தமிழகத்தோடு தொடர்பற்றுப்போன காலத்தில், கற்பிக்கப் பள்ளியில்லாத நிலையில் நேர்ந்தது அது. அவர்களுக்குப் பள்ளியில்லை; மொழி போயிற்று. நமக்குப் பள்ளி இருக்கின்றது, இருந்தும் போக்குகின்றோம். எவர் செயல் வெட்கத்துக்குரியது?

வட்டுக்கோட்டை சொல்லும் பாடம்

இலத்தீனும் தமிழும் ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லையா? இருந்தன. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டில் ஒரு கல்விச்சாலை நிறுவினர். ஆங்கிலம், கணிதம், வானநூல் முதலியவற்றோடு கிரேக்கமும் இலத்தீனும் அங்கே இடம்பெற்றன. அவற்றுக்குச் சரியாகத் தமிழும் இடம்பெற்றது. மதமாற்றமே அவர்கள் நோக்கம் என்பதை நாம் மறைக்கவில்லை. அதனை எதிர்த்து ஆறுமுக நாவலர் 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவியதும் நாடறிந்தது. ஆயினும் விளைவைக் காண்க. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய விசுவநாத பிள்ளையும் தாமோதரம் பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள். அந்தத் தாமோதரம் பிள்ளையே பின்னர் ஏடு தேடியலைந்து, வீரசோழியத்தை 1881-ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885-ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887-ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். செல்லரித்த ஓலையினின்று தமிழை மீட்டவர், மேனாட்டுப் பழமொழிகள் பயிலப்பட்ட கல்விச்சாலையின் மாணவர்.

அக்கல்விச்சாலை 1855-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஊழியக்காரரை உண்டாக்க வைத்த பள்ளி உத்தியோகம் தேடுவோரை உண்டாக்குகிறது என்று மிஷன் தலைவர்கள் கருதினர். கல்வியைக் கருவியாக மட்டும் கொண்டவர், கருவி வேறு வேலை செய்யக் கண்டதும் எறிந்துவிட்டனர். பிறர் நமக்காக வைக்கும் பள்ளி, பிறர் நோக்கம் தீர்ந்தால் மூடப்படும். நம் நூலை நம் பிள்ளைக்குக் கற்பிக்கும் பொறுப்பை வேறெவர் தலையிலும் ஏற்றிவிட முடியாது.

நம் நாட்டுச் சான்று ஒன்று சொல்லி மேற்செல்வோம். தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்தார், கத்தோலிக்கக் குருவானவர், உரோமாபுரியிலே பயின்றவர். இலத்தீன் அவருக்குப் பாடமொழி. அவ்வளவும் கற்றபின், தமக்குத் தம் மொழி போதிய அளவு தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு, முப்பது வயதைக் கடந்த நிலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்குத் தலைவரானார். 1679-ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில் அச்சான பிரோயென்சா அடிகளின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். 1966-ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அதே கோலாலம்பூரில் கூட்டினார். நம் நண்பர் இலத்தீனைக் கேள்விப்பட்டதோடு தமிழை விட்டார். அடிகள் இலத்தீனைக் கரைகண்டு தமிழுக்கு வந்தார். எவர் வழி அறிவுடைமை?

நம் நிலை என்ன?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. துரைமார் பெயருக்கு ஒரு கொட்டகை போட்டனர். கங்காணியும் கிராணியும் வாத்தியாராயினர். அந்தக் கொட்டகைகளின் வழியே தமிழ்க்கல்வி இந்நாட்டில் பரவிற்று. சுதந்தரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். மலாக்கா மாநிலத்தில் இருபத்தொன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது, மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். பள்ளியோ பழைய இடத்திலேயே பிள்ளைகளின்றி நின்றது. இக்காரணங்களை நாம் அறிவோம். இவற்றுக்கு நம்மவர் அனைவரும் பொறுப்பாளரல்லர்.

ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பின் நடப்பதற்கு யார் பொறுப்பு? இந்நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுமில்லை. அரசினர் இடைநிலைப்பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்யவேண்டுமென்பது 1996-ஆம் ஆண்டின் கல்விச்சட்டம். பதினைந்து பேர்! ஒரு கோயில் திருவிழாவுக்கு ஒரு மாலையில் ஆயிரம் பேரைத் திரட்டும் சமூகம், பதினைந்து கையெழுத்துக்குத் திண்டாடுகிறது. கையெழுத்துக் கொடுத்த பின்னும், வகுப்பு மாலையில் நடக்கிறது, வண்டி இல்லை, வேறு வகுப்பு இருக்கிறது என்று பிள்ளைகளை நிறுத்திவிடுகிறோம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழிப் பாடமுண்டு. தமிழ் இலக்கியமும் தனிப்பாடமாக உண்டு. நண்பர் தேடும் காவியமும் இலக்கணமும் இங்கேயே கிடைக்கின்றன. மாதம் ஆயிரம் வெள்ளி கேட்பாரில்லை. கேளாததனால்தான் மதிப்பில்லையோ?

மதிப்பெண் குறையும் என்கிறார்கள். கடினமான பாடத்தில் மதிப்பெண் குறையலாம். அப்படியானால் கடினமென்று பெயர்பெற்ற இலத்தீனில் மட்டும் கூடிவிடுமா? இலத்தீன் கடினமென்றால் அது மூளைப்பயிற்சி. தமிழ் கடினமென்றால் அது வீண்சுமை! இது என்ன தராசு? கூரையேறிக் கோழி பிடிக்க அறியாதவன் வானமேறி வைகுந்தம் காட்டப் புறப்பட்டானாம்.

மலாயும் ஆங்கிலமும் பின்னடையும் என்கிறார்கள். இரண்டும் வேண்டும், நன்றாகவே வேண்டும். இந்நாட்டுக் குடிகள் இந்நாட்டு மொழியில் தலைநிமிர்ந்து பேசவேண்டும். உலக வாணிகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். தமிழை நீக்கியதால் அவ்விரண்டும் வளர்ந்த வீடு எது என்று காட்டுவார் உண்டா?

நமக்குள்ளும் ஒரு சொல்

பழநூற்கல்வி வேண்டும் என்று சொல்லும்போது நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய நூலைக் கற்பிக்கிறோம் என்று பழைய அழுக்கையும் உடன் கொண்டுவருவோர் உளர். தமிழகத்துச் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தை நினைக்க. நாட்டுப்பற்றும் பழம்பெருமையும் பேசிய அந்தப் பள்ளியில், பிராமணப் பிள்ளைக்கு ஓரிடம், மற்றப் பிள்ளைக்கு வேறிடம் என்று சோறு பரிமாறப்பட்டது. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே கொதித்தெழுந்தது. பந்தியைப் பிரிக்கும் பள்ளி எந்தக் காவியத்தைக் கற்பித்தால் என்ன? தொல்காப்பியம் கற்பித்தாலும் அது பள்ளியன்று, வேலி.

ஆகையால் நாம் கேட்பது பண்டிதர் சிலர்க்கு ஒரு மடமன்று. பொருளறியாது குறளை ஒப்பிக்கும் போட்டியுமன்று. அப்படி ஒப்பித்துப் பரிசுக் கிண்ணம் வாங்கிய பிள்ளைக்கும், இலத்தீன் செபத்தைப் பொருளறியாது முணுமுணுத்த பழைய ஐரோப்பியக் குடியானவனுக்கும் வேற்றுமையில்லை. பொருளைக் கேட்கவேண்டும், ஏன் என்று வினவவேண்டும், ஒப்பாததை மறுக்கவும் வேண்டும். செம்பனைக் குலை வெட்டுவோன் மகளும் உத்தியோகஸ்தன் மகனும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கவேண்டும்.

செய்யவேண்டியவை

பெரிய கட்டடம் வேண்டா. கோயில் மண்டபங்கள் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடுக. ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களை வெற்றிலைத் தட்டினின்று அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்துக. திருவிழாப் பதாகையில் தலைவர் முகம் அச்சடிக்கும் செலவிற் பாதியைப் பிள்ளைகளின் வண்டிக்கூலிக்குக் கொடுக்க. இடைநிலைப்பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பதினைந்து பெற்றோர் கூடி எழுத்து மூலம் தமிழ் வகுப்புக் கேட்க. கேட்டபின் பிள்ளையை அனுப்புக. சங்கங்கள் நடத்துவோர் தம் வீட்டுப் பிள்ளை தமிழ் இலக்கியம் எழுதுகின்றதா என்று முதலில் காட்டுக, பின்னர் மேடையேறுக.

இவ்வளவும் செய்தபின் இலத்தீனையும் கற்கட்டும்! தமிழ் நன்கறிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை இலத்தீனும் கற்று, வீரமாமுனிவர் எழுதிவைத்ததை மூலத்திற் படித்துத் தமிழில் தருமாயின், அப்பிள்ளைக்கு முதல் மாலை நாம் போடுவோம்.

திருமண வீட்டிற்கு மீள்வோம். நண்பர் விடைபெற்று எழுந்தபோது, அவர் மகள் வாசலில் தொங்கிய வரவேற்புப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணமக்கள் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். பெயர்களுக்குக் கீழே ஒரு வாழ்த்துச் செய்யுள். அதன் முதல் வரியில் அவள் விரல் நின்றுவிட்டது. "அப்பா, இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. "நேரமாகிறது, வா" என்றார். முதிய உபாத்தியாயர் எழுந்து சென்று, குனிந்து, அவ்வரியைச் சொல் சொல்லாய்ப் பிரித்து அப்பிள்ளைக்குப் பொருள் சொல்லத் தொடங்கினார். கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளை நகரவில்லை.

பிள்ளைக்கு ஆசை இருக்கின்றது. கற்பிக்க ஆள் இருக்கின்றார். காரை நிறுத்தவேண்டியவர் நாம்.